பெட்டியைப் பெற்றவர்

“முந்நூறு வயசுப் பெட்டியைப் பெத்தது நான்தான்னு சொன்னீராமே?”

நடு நாற்காலியில் இருந்த வெங்கிட்டு சார் கேட்டார். ஓய்வுபெற்ற ஜட்ஜ், பாலக்காட்டுத் தமிழர். மனநல மறுஆய்வு போர்டுக்குத் தலைவர்.

“ஆமா சாரே. அதுக்கு முன்னாடி பதினாலு பெத்திருக்கேன்” என்றார் ராசப்பன்.

பக்கத்தில் நின்ற பேச்சி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் புருசனை இன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிப்போகலாம். இந்த மனுசன் வாய் என்றைக்கு மூடியிருக்கிறது?

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அவரை இந்த ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். மலையாளப் பேப்பரை நீட்டியது அனீஷ் சேட்டன். கொச்சியின் பழைய யூதத் தெருவான ஜூ டவுனில் ராசப்பன் வேலை பார்க்கும் பழம்பொருள் கடைக்கு முதலாளி.

“ராசப்பனுக்கு ஏதோ அசுகம், பேச்சி. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்தா மாறிடும்.”

மூன்று நாளாக ராசப்பனும் கண்மூடவில்லை. போட்டுவிட்டாள். அந்தக் கையெழுத்துக்கு முப்பது நாள் வரை பிடித்து வைக்கலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மட்டாஞ்சேரியில் அவளிடம் காய் வாங்குகிறவர்கள், “புருசனை உள்ளே தள்ளிட்டு தக்காளி விக்கிறா பாரு” என்று அவள் காதுபடவே பேசினார்கள்.

‘என்னை வெளியே விடுங்கள்’ என்று போர்டுக்கு எழுதினால் ஏழு நாளில் முடிவு சொல்லியாக வேண்டும் என்று வார்டு நர்ஸ் சோனியாதான் ராசப்பனுக்குச் சொல்லி, பேனாவும் கொடுத்தாள். ராசப்பன் எழுதியது ஒரே வரி: ‘நான் சொன்னது நெசம், வந்து கேளுங்க.’

வார்டின் மலையாளி டாக்டர் ஷபானா கேஸ் ஷீட்டைப் புரட்டினார். “பெட்டியைப் பிரசவிச்சதாப் பறயுந்நு சார். கையில உளியோட பெட்டி மேல ஏறி உட்கார்ந்திருக்கார்.”

வெங்கிட்டு சார் கண்ணாடியைக் கழற்றினார். “டாக்டரே, தமிழ்ல ஒரு ஆசாரி பெத்தேன்னா உண்டாக்கினேன்னும் அர்த்தம் உண்டு. ஓய், நீர் எதைச் சொல்றீர்?”

“பின்னே வயித்துலயா சாரே சுமப்பேன்?”

போர்டு மொத்தமும் சிரித்தது. டாக்டர் எதையோ அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.

“அப்போ அந்த முந்நூறு வயசு?”

“மூணு மாசம் சாரே. புதுப் பலகையை உப்புத்தண்ணியில ஊறப்போட்டு, சங்கிலியால நாலு சாத்து சாத்தி, சாயாவைக் கொதிக்க வெச்சுப் பூசினா வயசு தானா ஏறும்.”

சுவரோரம் நின்றிருந்த அனீஷ் சேட்டன் ஒலிக்காத போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார்.

“இத்தனை வருஷம் பேசாம இருந்துட்டு, இப்போ என்ன வந்தது உமக்கு?”

ராசப்பன் தலை குனிந்தார். “ஒரு வெள்ளைக்காரம்மா வந்துச்சு. மூடியில இருக்கிற கறை, டச்சுக் கேப்டன் சம்சாரம் புருசனை நெனச்சு அழுத கண்ணீர்னு முதலாளி சொன்னார். அந்தம்மா அதைத் தொட்டுக்கிட்டே அழுதுச்சு. அது புருசனும் கடல்ல போனவராம். நான் ஊத்தின சாயாவுக்கு ஒரு பொம்பளை அழுதா, எப்படி சாரே உறக்கம் வரும்?”

வெங்கிட்டு சார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“உளி எதுக்கு?”

“சுரண்டினா உள்ளே வெள்ளைப் பலகை தெரியும். அதைக் காட்டத்தான். கையெழுத்துப் போட்டதுக்கு இவளைத் திட்டாதீங்க சாரே. நான் உறங்காத மூணு நாளும் இவளும் உறங்கலை.”

பேச்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்போ உறக்கம் எப்படி டாக்டரே?”

“நல்லா உறங்குறார் சார். குறட்டைன்னு பக்கத்துக் கட்டில்ல புகார்.”

“தனக்கோ பிறத்தியாருக்கோ ஆபத்து, இல்லேன்னா தன்னைப் பார்த்துக்கத் தெரியலை. இதுல ஒண்ணு இருந்தாத்தான் ஒருத்தரைச் சம்மதமில்லாம வெக்கலாம். இவரால ஆபத்து அந்தக் கடைக்கு மட்டும்தான்.”

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ராசப்பனை விடுவிக்கும் உத்தரவில் கையெழுத்து விழுந்தது. காகிதம் பேச்சி கைக்கு வந்தது.

கிளம்பும்போது வெங்கிட்டு சார் குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார்.

“ஓய் ராசப்பன். போன ஓணத்துக்கு நானும் அந்தக் கடையிலதான் ஒரு பெட்டி வாங்கினேன். கேப்டன் ஆத்துக்காரியோட கண்ணீர்க் கறை, வலது மூலையில. எங்காத்துல வெள்ளிக்கிழமை தவறாம அதுக்கு விளக்கேத்தறா...”

பேச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். போச்சு, இந்த மனுசன் வாயைத் திறக்கப்போகிறது.

ராசப்பன் அவர் கையைப் பார்த்தார். அது பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தது.

“சிங்கத் தலைப் பூட்டா சாரே?”

“ஆமா, ஆமா.”

“அது அசல். நான் துடைச்சு மட்டும்தான் வெச்சேன். அந்தக் கறையைத் தொட எனக்குக் கையே வரலை.”

வெங்கிட்டு சாருக்குப் பத்து வயது குறைந்தது.

வராந்தா முனை திரும்பியதும் பேச்சி கேட்டாள். “கடையில அசல் பெட்டியும் ஒண்ணு இருந்துச்சாங்க?”

“எங்கே இருந்துச்சு? அது நான் பெத்த பதினோராவது. அன்னிக்கு நீ ஃபிளாஸ்க்ல கொடுத்துவிட்ட சாயாவைத்தான் ஊத்தினேன்.”

“அடப் பாவி மனுசா! ஜட்ஜுகிட்டயே பொய்யா?”

ராசப்பன் அவள் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“பொய் சொல்ல வந்துடுச்சுல்ல பேச்சி? அசுகம் மாறிடுச்சு, வா.”