இருவருக்கு மட்டும் தெரிந்த சொல்

“மாரியாத்தா பேரு வேணாம். இந்த பிளாக்ல பாதிப் பேரு வாயில அதான் இருக்குது” என்றான் தனகோட்டி. மனைவி மாணிக்கம்மாள் தன் பிறந்த ஊரின் பெயரைச் சொன்னாள். அது ஆபீஸ் ரிஜிஸ்டரிலேயே இருக்கிறது என்று அதையும் தள்ளிவிட்டான்.

நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் கிடைத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. போன வாரம் பக்கத்து பிளாக்கில் எவனோ வந்து, மைன்ஸில் புருஷனுக்கு அடிபட்டுவிட்டது என்று ஒரு பெண்ணைப் பதறி ஓட வைத்து, வீட்டைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அதனால்தான் தனகோட்டிக்கு இந்த யோசனை. அவன் அனுப்பும் ஆள் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யார் கூப்பிட்டாலும் அவள் படியிறங்கக் கூடாது.

கடைசியில் அவளுக்கே ஒன்று தோன்றியது. கல்யாணமான புதிதில் அவள் வைத்த வேப்பம்பூ ரசம் வாயில் வைக்க முடியாமல் கசந்தது. தன் அம்மாவுக்குத் தெரியாமல் தனகோட்டி ஒருவனே அதைக் குடித்துத் தீர்த்தான். மூன்று வருடமாக இருவரும் அதை வெளியில் சொன்னதில்லை.

“வேப்பம்பூ. நீ மறக்கவும் மாட்டே, வேற எவனுக்கும் தெரியவும் தெரியாது” என்று சிரித்தான். இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதைப் பக்கத்து வீட்டு லூசியம்மாளிடம்கூட மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். பிள்ளை இல்லையென்று மாமியார் வேறு பெண் பார்க்கச் சொல்லி நச்சரிக்கிற நேரத்தில் தன்மேல் இவ்வளவு அக்கறையா என்று அவளுக்குக் கண் கலங்கியது.

ஐப்பசியில் ஒரு நாள் முற்பகல், முன்பின் தெரியாத ஒருவன் வாசலில் வந்து நின்றான். தனகோட்டிக்குக் காலில் அடி, கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றான். அந்தச் சொல் என்ன என்று அவள் கேட்டாள்.

“வேப்பம்பூ” என்றான் அவன்.

அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டி, அவனுடன் பஸ் ஏறினாள். லூசியம்மாள் தெருவிலிருந்து கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

ஆஸ்பத்திரியில் விசாரித்து வருவதாகப் போனவன் திரும்பவேயில்லை. இருட்டும்வரை வார்டு வார்டாகத் தேடினாள். அப்படி ஓர் ஆளே வரவில்லை என்றார்கள். அந்தச் சொல்லைத் தனகோட்டியிடமிருந்து அடித்துப் பிடுங்கியிருப்பார்களோ என்று பயந்தாள். வராந்தாவிலேயே கிடந்து, விடிந்ததும் முதல் பஸ்ஸில் திரும்பினாள்.

வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். ஊரிலிருந்து மாமியாரும் வந்திருந்தாள். நடுவில் தனகோட்டி, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல், தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அவள் பதறிப்போய் அவன் கையைத் தொட்டாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

“எவனோ ஒருத்தங்கூட பஸ் ஏறினியே, என் கண்ணால பாத்தேன். ராவெல்லாம் எங்க இருந்தே?” என்றாள் லூசியம்மாள்.

சத்தியத்தை மீறி மாணிக்கம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். “இவரு அனுப்புன ஆளுன்னுதான் போனேங்க்கா. எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச சொல்ல அவன் சொன்னான். வேணும்னா இவரையே கேளுங்க.”

எல்லோரும் தனகோட்டியைப் பார்த்தார்கள். அவன் மெதுவாகத் தலை நிமிர்ந்தான்.

“எந்தச் சொல்லு?”