இடது கை

முப்பத்தாறு மணி நேரமாக அக்கா தன் இடது கையை மேகலாவிடம் காட்டவில்லை. டயாலிசிஸ் ஊசிக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த கை அது. தொட்டால் உள்ளே ரத்தம் உறுமும். உறுமல் நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தாமதித்தால் அந்த வழி மூடிவிடும். தினமும் காலையில் மேகலா அங்கே காதை வைத்துக் கேட்பாள்.

"நானே பாத்துட்டேன்டி. ஊர்ல எல்லா ரயிலும் நின்னாச்சு, இது மட்டும் ஓடுது" என்று அக்கா சிரித்தாள். ஊரடங்கு தொடங்கியதிலிருந்து சொல்லிவரும் வேடிக்கைதான். ஆனால் இந்த வெயிலில் எதற்குப் போர்வை?

"காய்ச்சலா? எங்கிட்ட மறைக்கிறியா?"

"உன் கண்ணு பட்டே வந்துரும் போலிருக்கு."

மேகலா போர்வையை இழுத்துவிட்டு மணிக்கட்டில் காதை வைத்தாள். சத்தமே இல்லை.

"அக்கா, என்ன பண்ணித் தொலச்ச?"

அக்கா சுவரைப் பார்த்தாள்.

"முந்தாநாள் சாயங்காலம் வீடு வீடா காய்ச்சல் பாக்க வந்துச்சே ஒரு பொண்ணு, அது இந்தக் கையிலதான் பிரஷர் பட்டையைச் சுத்துச்சு. இதுல கட்டக்கூடாதுன்னு சொன்னா, கிட்னி கேஸுன்னு தெரிஞ்சு கொரோனா முகாமுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு, நான் வாயே தொறக்கல."