பயிற்சிக்குக் கட்டிய பெட்டி

கட்டிலின் மேல் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினான் டாரல்.

"இதுதான் உங்க வீட்டுப்பாடமா, டீச்சரம்மா?"

புருஷன் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லக் கூடாது என்பது கென்ட்ரா ஏழு வருஷத்தில் படித்த பாடம்.

பிஸ்மார்க் நகரத்தில் ஐந்து நாள் தங்கிப் படிக்கிற பயிற்சி அது. அடிபட்டோ, பறிகொடுத்தோ, வீட்டில் உதை வாங்கியோ நீதிமன்றப் படியேறுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணை நிற்பதுதான் அவளுடைய புது வேலை. சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். டாரலுக்கு வாரம் முழுக்க போலீஸ் ரோந்து இருந்ததால், மகள் ஹேஸலைப் போகிற வழியில் அக்கா வீட்டில் விட்டுவிடுவதாக ஏற்பாடு.

வேலைக்கு அவன் சம்மதித்ததே, ஷெரிஃப் அலுவலகமும் நீதிமன்றமும் ஒரே கட்டடம் என்பதால்தான். மாடியில் அவள், கீழே சீருடையில் அவன். அவள் யாரிடம் என்ன பேசினாலும் காப்பி ஆறுவதற்குள் அவன் காதுக்குப் போய்விடும்.

அக்கா மகள் கல்யாணத்துக்குக் கிளம்பியபோது, பெட்டியைக் காரில் ஏற்றிய பிறகு "வேண்டாம்" என்றான். இன்றும் சொல்லலாம். கூடத்தில் டிவியில் வைக்கிங்ஸ் அணியின் ஃபுட்பால் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளை முடிவதற்குள் சொல்லிவிடலாம்.

வீட்டை விட்டு ஓடுகிற ஒருத்தி எப்படிப் பெட்டி கட்டுவாளோ அப்படிக் கட்டி எடுத்து வர வேண்டும், வகுப்பில் பிரித்துப் பார்த்து மார்க் போடுவார்கள் என்று அவனிடம் சொல்லியிருந்தாள்.

"மூணு ஜோடி செருப்பு. ஏம்மா, ஓடிப்போறவ டான்ஸ் ஆடவா போறா?"

இரண்டு ஜோடி தரைக்குப் போயின.

"இன்ஹேலர் எங்க? ராத்திரியில பிள்ளைக்கு மூச்சு வாங்குச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அங்க பேரு கொடுக்கணும். பேரு கொடுத்தா முடிஞ்சுது கதை, விடியறதுக்குள்ள நான் வாசல்ல நிப்பேன்."

அவனே போய்க் குளியலறை அலமாரியிலிருந்து இன்ஹேலர்கள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்தான். ஹேஸலின் துணி முயலையும் எங்கிருந்தோ தேடிப்பிடித்து உள்ளே திணித்தான். அது இல்லாவிட்டால் பிள்ளை அழும், அழுதால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதையும் அவனே விளக்கினான். அவனுக்கு உற்சாகம் ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு தப்பைக் கண்டால் அவனால் விட முடியாது. தட்டுகளை அளவு மாற்றி அடுக்கியதற்காக ஒருநாள் அவள் கையைப் பிடித்து வைத்துச் சரியாக அடுக்கக் கற்றுக்கொடுத்தான். அந்த மணிக்கட்டு இன்னமும் முழுதாக மடங்குவதில்லை.

அடுத்து அவன் கையில் கிடைத்தது ஹேஸலின் பிறப்புச் சான்றிதழ். நகல்.

"இதை வெச்சுக்கிட்டு எந்த ஸ்கூல்ல சேர்ப்பா? நாக்கு வழிக்கக்கூட ஆகாது."

"பரவாயில்ல டாரல். சும்மா பாடத்துக்குத்தானே. இதுவே போதும்."

"போதுமாம். உன்னை நம்பி வர்ற பொம்பளைங்க உருப்பட்ட மாதிரிதான்."

அவன் நடைவழிக்குப் போனான். துப்பாக்கிகள் வைக்கும் இரும்பு அலமாரி அங்கேதான் இருந்தது. அதைத் திறக்கிற எண்கள் அவனுக்கு மட்டும்தான் தெரியும். பொத்தான்கள் ஒவ்வொன்றாகச் சத்தமிட்டன. கதவு கனமாகத் திறந்துகொண்டது.

அப்புறம் சத்தமே இல்லை.

அவன் அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டு வரப்போகிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஹேஸல் கொல்லையில் இருக்கிறாள், ஓடினால் பின்கதவுக்குச் சமையலறையைத் தாண்ட வேண்டும் என்று கால் தானாகக் கணக்குப் போட்டது. கையில் இருந்த துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

காகிதங்களோடுதான் வந்தான். அசல் பிறப்புச் சான்றிதழ், அம்மா, மகள் இருவரின் பாஸ்போர்ட், வேலைக்குச் சேரத் தேவைப்படும் என்று கேட்காமலேயே அவளுடைய சமூகப் பாதுகாப்பு அட்டையும். பெட்டியின் உள்பையில் வைத்துத் தன் கையாலேயே ஜிப்பை இழுத்தான்.

"அழுக்குப் படாம திருப்பிக் கொண்டு வரணும். வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்ப்பேன்."

"சரி."

கடைசியாக அவளுடைய போனை எடுத்து ஆட்டிக் காட்டினான்.

"இதையும் பெட்டியில போட்டிருக்கே பாரு. போனைக் கையோட கொண்டு போனவள எல்லாம் ஒரே நாள்ல பிடிச்சிருக்கேன். இதுக்கு முட்டை மார்க்."

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. அக்கா வீட்டைப் பற்றியும் அப்போதுதான் யோசித்தாள். முதலில் தேடுகிற இடம் அதுவாகத்தானே இருக்கும்.

அவன் சிரித்துக்கொண்டே போனை அவள் கோட்டுப் பையில் போட்டுத் தட்டினான்.

"நீ என்ன நிஜமாவா ஓடப்போற. ஒன்பது மணிக்குக் கூப்பிடுவேன், எடு. முதல் மார்க் வாங்காம இந்த வீட்டுப் படி ஏறாத."

கூடத்தில் ஆட்டம் மறுபடி தொடங்கிய சத்தம் கேட்டது. அவன் போய் உட்கார்ந்துகொண்டான்.

கென்ட்ரா பெட்டியை மூடினாள். பூட்டு இரண்டு தரம் வழுக்கியது.

பயிற்சி நிலையத்துக்கு வியாழக்கிழமையே போன் செய்து, தன்னால் வர முடியாது, இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தாள். அந்தப் பக்கம் பேசிய பெண் நல்லவள்.

"அடுத்த வருஷம் கண்டிப்பா வாங்க. எதுவும் தயார் பண்ணிட்டு வர வேண்டாம், எல்லாம் நாங்களே சொல்லித்தருவோம். ராத்திரி குளிரும், ஒரு ஸ்வெட்டர் மட்டும் கொண்டாங்க, போதும்."