முப்பத்தாறு துகள்கள்

மணல் எங்கிருந்துதான் வருகிறது? தரையைக் கழுவியாயிற்று, சல்லடையை மாற்றியாயிற்று, குழல் உருட்டும் இருளம்மாளும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். பிறகும் ஏன்?

சண்முகத்தாய் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். பட்டாசுக் குழலைக் கண்ணாடித் துண்டின் மேல் தட்டி, விழும் துகள்களை எண்ணுவது அவள் வேலை. ஐந்துக்கு மேல் போகக் கூடாது. மணல் வெடிமருந்தோடு உரசினால் தீப்பிடிக்கும். பத்து நாளாக முப்பதுக்குக் குறையவில்லை.

“இன்னைக்கு எம்புட்டு?” என்றபடி வந்தார் போர்மேன் சங்கையா.

“முப்பத்தாறு, அண்ணாச்சி.”

“குழல் உருட்டுறவ இருளம்மாதானே? சீட்டு எழுதிட்டேன். கையெழுத்துப் போடுங்க, இன்னையோட அவளை நிப்பாட்டிருவோம்” என்று சீட்டை மேசையில் வைத்தார்.

“அவ சுத்தக்காரி அண்ணாச்சி. எனக்கே ஒண்ணும் புரியல.”

“பெறகு மணல் என்ன வானத்துலேருந்தா விழுது?”

குழம்பிப்போய், குழலைத் தட்டாமலே புதுக் கண்ணாடி ஒன்றைத் துடைத்து வைத்துப் பார்த்தாள். வெறும் கண்ணாடியிலும் அதே வெள்ளைத் துகள்கள்.

மெல்லத் தன் விரல்களைப் பார்த்தாள். மார்கழி பிறந்து பத்து நாள். விடியலில் வாசல் நிறையப் போட்ட கோலத்தின் கல்மாவு, குளித்தும் போகாமல் நகக்கண்ணில் இருந்தது.

“என் கைதான் அண்ணாச்சி.”

சங்கையா அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “வெளிய சொல்லாதீக. முதலாளிகிட்ட அவ பேரைச் சொல்லிட்டேன். பேசாமப் போடுங்க. அவளுக்கு இன்னொரு கம்பெனி கிடைக்காமலா போகும்?”

“போட மாட்டேன்” என்று மெதுவாகச் சொல்லி, சண்முகத்தாய் சீட்டை அவர் பக்கமே நகர்த்தினாள்.