அண்ணாச்சி வந்தால் மெயில் வராது

அண்ணாச்சி ஆறுமுகநயினார் வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே கார்குழலியின் கம்ப்யூட்டரில் 'சர்வருடன் தொடர்பு இல்லை' என்ற பெட்டி எழும்பியது.

இரண்டு வாரமாக இதே கதை. ராயபுரத்தில் இருந்த அந்தக் கப்பல் சரக்கு ஏஜென்சியில் மெயில் பார்ப்பது அவள் ஒருத்திதான். முதலாளி வந்ததும் தொடர்பு அறும். அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் தானாக ஒட்டிக்கொள்ளும். முந்தாநாள் பாதியில் அறுந்த ஒரு மெயிலால் ஒரு கன்டெய்னர் துறைமுகத்திலேயே கிடந்தது.

இது கார்குழலியின் வேலைதான் என்பதில் மேனேஜர் தவசிமுத்துவுக்குச் சந்தேகமே இல்லை. அண்ணாச்சி நுழைந்தால் மற்ற பன்னிரண்டு பேரும் எழுந்து நிற்பார்கள். அவள் மட்டும் எழமாட்டாள். வேலை செய்துகொண்டிருக்கும்போது எதற்கு எழ வேண்டும் என்று ஒருமுறை கேட்டும்விட்டாள்.

"ஒங்களுக்கே எந்திரிக்காதவ, வயரையும் புடுங்குவா அண்ணாச்சி," என்றார் தவசிமுத்து. இன்று மதியத்துக்குள் பழுது தெரியாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை என்று முடிவானது.

வியாசர்பாடியிலிருந்து வந்த மெக்கானிக் பீம்ராவ் நெட்வொர்க் கார்டை மாற்றினான். மெயில் புரோகிராமை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டான். முதலாளி அறைக்குள் இருந்தவரை எல்லாம் ஒழுங்காக ஓடியது.

கார்குழலி அவனிடம் ஒன்று சொன்னாள். போன வாரம் அண்ணாச்சி தூத்துக்குடியில் இருந்தார். நாலு நாள் ஒருமுறைகூடத் தொடர்பு அறவில்லை. ஐந்தாம் நாள் அவர் போன் செய்தார். தவசிமுத்து பவ்யமாகப் பேசி முடிக்கும்வரை மெயில் இல்லை.

"தூத்துக்குடிலேர்ந்தே அறுக்குறாரா?" என்றான் பீம்ராவ். "பெரிய பேஜாரா கீதே."

பதினொன்றரைக்கு அவன் அண்ணாச்சியையே சோதிக்க ஆரம்பித்தான். வெளியே போய்விட்டு வரச் சொன்னான். அறுந்தது. புதிதாக வாங்கிய செல்போனை வைத்துவிட்டு வரச் சொன்னான். அறுந்தது. ராசிக்கல் மோதிரத்தைக் கழற்றிவிட்டு வரச் சொன்னான். அப்போதும் அறுந்தது. தவசிமுத்து மானிட்டர் மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தார்.

அண்ணாச்சியின் பனியன் நனைந்துவிட்டது. சொந்த ஆபீசில் தானே ஒரு பழுது என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"போதும்டே. அந்தப் பிள்ளைய அனுப்பிரு," என்றார் தவசிமுத்துவிடம். கார்குழலி சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்தாள்.

"இன்னும் ஒரே ஒரு தபா நைனா," என்றான் பீம்ராவ்.

அண்ணாச்சி முனகிக்கொண்டே வெளியே போனார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். பீம்ராவ் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தரையில் படுத்தான். அவள் கம்ப்யூட்டரிலிருந்து சர்வர் அறைக்குப் போகும் நீல வயரைப் பிடித்தபடி, மேஜைகளுக்கு அடியில் ஊர்ந்தான்.

அண்ணாச்சி நுழைந்தார். பன்னிரண்டு நாற்காலிகள் கிரீச்சிட்டுப் பின்னால் நகர்ந்தன. அவற்றில் ஒன்றின் இரும்புக் கால் நீல வயர் மேல் ஏறி நின்றது.

மானிட்டரில் பெட்டி எழும்பியது. மேஜைக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"மேனேஜரை ஒக்காரச் சொல்லு நைனா, லைன் வந்துரும்."