இருபத்து மூன்றாவது போன்

"மேடம், போனுக்குப் பின்னாடி ரெண்டு ஓட்டை இருக்கு. இன்டர்நெட் வயரைக் கொண்டுபோய் கம்ப்யூட்டர் படம் போட்ட ஓட்டையில சொருகினா எப்படி மேடம் வேலை செய்யும்? கண்ணைத் திறந்து பாருங்க!"

நெட்வொர்க்காரர் ரிசீவரை டமாலென்று வைத்தார்.

"யாரு, புகார் பிரிவு அக்காவா?" என்றார் அந்தப் பக்கமாக வந்த மேனேஜர்.

"வேற யாரு சார்?"

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி அது. போன வாரம் ஆபீஸில் பாதி இடத்தைக் காலி செய்துவிட்டு, இருபத்து மூன்று பேரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஆளுக்கொரு மேஜை போனையும் கையில் கொடுத்தனுப்பினார்கள். வீட்டு இன்டர்நெட்டில் சொருகினால், ஆபீஸ் மேஜையிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு அது பழைய நம்பரிலேயே மணியடிக்க வேண்டும். அதற்கான செட்டிங் அத்தனையையும் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்து போட்டவர் நெட்வொர்க்காரர்தான். வேலையில் புலி. வாய்தான் கொஞ்சம் காரம்.

"இருபத்திரண்டு பேர் வாயைத் திறக்கலை சார். இவங்க போனுக்கு மட்டும் தினமும் ஒரு வியாதி. திங்கட்கிழமை உயிரே வரலைன்னாங்க. ஆபீஸ்ல அந்த வயர்லயே கரண்டும் வந்துடும், வீட்ல தனியா அடாப்டர் சொருகணும்னு தொண்டை கிழியக் கத்தினேன். செவ்வாய்க்கிழமை, இவங்க பேசறது அங்கே கேட்குதாம், அவங்க பேசறது இங்கே கேட்கலையாம். நேத்து, பேசி அரை நிமிஷத்துல கட் ஆகுதாம். இன்னிக்கு ஓட்டையே தெரியலை!"

"சர்வர்ல பார்த்தீங்களா?"

"அதுதான் சார் வயித்தெரிச்சல். அவங்க போன் முதல் நாள்லேருந்தே ஜம்முனு இருக்கறதாத்தான் காட்டுது."

"மத்தவங்களோடது?"

"புகாரே இல்லாத போனை நான் எதுக்கு சார் பார்க்கணும்? இவங்க டிமிக்கி கொடுக்கறாங்க. பழி போன் மேல."

மேனேஜர் தாடையைச் சொறிந்தார். "வீட்டுக்காரர் காலை உடைச்சுக்கிட்டு படுத்திருக்கார், பக்கத்துல ஆள் இல்லைன்னு கெஞ்சித்தான் அந்த இருபத்து மூணு பேர்ல சேர்ந்தாங்க. சரி, நேர்ல போய்ப் பாருங்க. போன் நல்லா இருந்துச்சுன்னா கையோட தூக்கிட்டு வந்துடுங்க. திங்கட்கிழமைலேருந்து இங்கேயே வந்து உட்காரட்டும்."

மேஜை போனுக்கு வரும் அழைப்பைத் தன் செல்போனுக்குத் திருப்பிவிட்டு, நெட்வொர்க்காரர் உடனே கிளம்பிவிட்டார்.

லிஃப்ட் கம்பெனி அக்கா குடியிருந்த கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி ஏறுவதற்குள் அவருக்குக் கோபமும் சேர்ந்து ஏறியது.

கதவைத் திறந்தவர் காலில் மாவுக்கட்டோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காவின் வீட்டுக்காரர்.

"ஆபீஸ்லேருந்து வரேன். போன் விஷயமா..."

"அடப்பாவமே, நீங்களும் மாட்டிக்கிட்டீங்களா?" என்று அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "உங்க போனுக்கு என்ன கோளாறு?"

"என் போனுக்கா?"

"கூச்சப்படாதீங்க சார். எல்லாரும் இவளைத்தான் கூப்பிடறாங்க. அங்கே ஒரு சிடுமூஞ்சி இருக்காராமே? ஒரு சந்தேகம் கேட்டா மானத்தை வாங்கிடுவாராம். புதுசா சேர்ந்த பொண்ணு ஒண்ணு பயந்துபோய் அழுதே அழுதுட்டா. அதனால இவ என்ன பண்றா, தன் போன்தான் கெட்டுப்போச்சுன்னு அவர்கிட்ட சொல்லி, வழியைக் கேட்டு, மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறா. இதுவரைக்கும் பதினாலு போன் சரியாயிடுச்சு. நீங்க பதினஞ்சோ பதினாறோ!"

நெட்வொர்க்காரர் தான் யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை. "அவ்வளவு திட்டும்... இவங்களா வாங்கிக்கறாங்க?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க திட்டறதைப் பதினெட்டு வருஷமாக் கேட்கறேன். இந்தத் தம்பி திட்டறதெல்லாம் எந்த மூலைக்கு'ங்கறா."

உள் அறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "பதறாதீங்க. போனைத் தூக்கி எறிய வேண்டாம். நான் அவர்கிட்டக் கேட்டுட்டு உங்களைக் கூப்பிடறேன். உங்க பேரைச் சொல்ல மாட்டேன், போதுமா?"

அடுத்த நிமிடம் நெட்வொர்க்காரரின் சட்டைப்பையில் செல்போன் அலறியது. எடுத்துக்கொண்டு மாடிப்படி வளைவுக்கு ஓடினார். வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்கோங்க தம்பி, மறுபடியும் நான்தான். என் போன்ல சர்வரைத் தேடறதா ஒரே எழுத்து ஓடிக்கிட்டே இருக்கு. நம்பரே வர மாட்டேங்குது."

நெட்வொர்க்காரரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ரவுட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடச் சொல்லுங்க... இல்லை, போடுங்க அக்கா. ரெண்டு நிமிஷம் பொறுங்க. அப்புறம் போனை ஆன் பண்ணுங்க, நம்பர் வந்துடும். வரலைன்னா திரும்பக் கூப்பிடுங்க. எத்தனை தடவை வேணும்னாலும் கூப்பிடுங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு மேனேஜர்கிட்ட நானே சொல்லிடறேன். நீங்க நிம்மதியா வீட்லேருந்தே வேலை பாருங்க."

இந்த லைனும் கட் ஆகிவிட்டதோ என்று அவர் திரையைப் பார்த்தார்.

"தம்பி..." என்று வந்தது அக்காவின் குரல், கவலை தோய்ந்து. "இன்னிக்கு ஒரு வார்த்தைகூடத் திட்டலையே, உடம்புக்கு ஏதாவது முடியலையா?"