கம்பெனி சைஸ்

"கழுத்துல கத்தி வச்சாலும் மாட்ட மாட்டேன்."

சொல்லிவிட்டு, அவர் ஸ்பானரைத் துடைக்கப் போய்விட்டார்.

டயர் கடைக்காரரான அவருக்கு ஊரில் 'கண்டிஷன்' என்றுதான் பெயர். வண்டிக்குக் கம்பெனி எந்த அளவு டயர் கொடுத்ததோ அதே அளவுதான் அவர் கடையில் ஏறும். பெரிய டயர் போட்டு ஊரை மிரட்ட ஆசைப்பட்டு வந்த எத்தனையோ மீசைகளை அவர் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். அதில் அவருக்கு ஒரு தனி ருசியே உண்டு.

ஆனால் இப்போது வந்து நிற்பவளைப் பார்த்தால் ஊரை மிரட்டுகிறவளாகத் தெரியவில்லை.

சின்னக் கார். பின் சீட்டில் பழைய போர்வை சுற்றிய நான்கு பெரிய டயர்கள். யாரோ கழற்றிப் போட்டவற்றை வாங்கி வந்திருக்கிறாள். காலையிலிருந்து ஊரில் உள்ள டயர் கடையெல்லாம் ஏறி இறங்கியாயிற்று. எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். இவர்தான் கடைசி.

"அம்மா படுத்த படுக்கையா இருக்காங்கண்ணே. அடிக்கடி போய்ப் பாக்கணும்."

"அதுக்கு ஏம்மா பெரிய டயர்? ரோடு அவ்வளவு மோசமா?"

ரோட்டில் ஒரு குறையும் இல்லையாம். மார்க்கெட்டைத் தாண்டி நாலு தெரு போனால் அம்மா வீடு வந்துவிடுமாம். இருக்கிற டயரும் புதுசு. அவரே மாட்டியது. இந்தப் பெண்ணுக்கு என்னதான் வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை.

விளங்காதபோது பாடம் நடத்துவது அவர் வழக்கம். ஸ்டீயரிங் இறுகும், திருப்பத்தில் டயர் பாடியில் உரசும், பிரேக் பிடித்தால் வண்டி நிற்க யோசிக்கும், மீட்டர் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும் என்று அடுக்கினார்.

"எவ்வளவு குறையும்?"

மற்றதெல்லாம் அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"பத்து ஓடினா ஒம்பதுன்னு காட்டும்."

அவள் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்தும், பைத்தியக்காரப் பெண் என்று நினைத்துக்கொண்டார்.

"உன் வீட்டுக்காரர் பாத்தா என்னைத்தான் திட்டுவாரு."

"அவரு டயரையெல்லாம் பாக்க மாட்டாருண்ணே."

இதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் புருஷனை அவருக்கு நன்றாகத் தெரியும். கடைக்கு வருகிறவர்களிலேயே ஒழுங்கான மனுஷர். வண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்டால் குனிந்து பார்க்காமலே சொல்வார். எல்லாரும் இவரைப் போல வண்டி வைத்திருந்தால் ரோட்டில் விபத்தே நடக்காது என்று கண்டிஷன் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

அவள் அதற்கு மேல் கெஞ்சவில்லை. இறக்கி வைத்த ஒற்றை டயரை உருட்டிக்கொண்டு காரை நோக்கிப் போனாள். புடவையெல்லாம் கறுப்பு.

பாவம், யாரோ இவள் தலையில் இதைக் கட்டிவிட்டிருக்கிறார்கள் என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. வெளியூர்க் கடையில் எவனாவது மாட்டிக் கொடுத்துத் தொலைத்தால் உயிருக்கு ஆபத்து. நல்ல மனுஷரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நம் கடமை. போனை எடுத்தார். கையெல்லாம் கிரீஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"சார், ஒண்ணும் பயப்படாதீங்க. உங்க வீட்டம்மா வந்திருக்காங்க, பெரிய டயர் மாட்டணும்னு. முடியவே முடியாதுன்னுட்டேன்."

அந்தப் பக்கத்திலிருந்து நன்றி வந்தது. கண்டிஷனுக்குப் பெருமை பிடிபடவில்லை. பாடத்தை மறுபடி முதலிலிருந்து ஒப்பித்தார். ஸ்டீயரிங், உரசல், பிரேக், மீட்டர்.

"கடைசியா என்ன சொன்னீங்க?"

"மீட்டர் சார். ஓடுன தூரத்தைக் குறைச்சுக் காட்டும்."

காருக்குப் பக்கத்தில் டயர் தொப்பென்று விழுந்தது.

"இப்ப மீட்டர்ல எவ்வளவு இருக்கு? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

போனைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து குனிந்து, எண்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதென்று இரண்டாவது முறையும் படித்தார்.

காலையில் இருந்த எண்ணை அந்த மனுஷர் வாய்க்குள்ளேயே கழித்துப் பார்ப்பது கேட்டது.

"வீட்டுலேருந்து உங்க கடைக்கு இவ்வளவு தூரம் கிடையாதே," என்றார், மிகவும் மரியாதையாக. "போனை அவகிட்ட குடுங்க."

கண்டிஷன் நிமிர்ந்தார். அவள் கீழே விழுந்த டயரைத் தூக்காமல் நின்றுகொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. அப்போதுதான் அவருக்கு எல்லாம் புரிந்தது. மாட்ட மாட்டேன் என்று இவளைத் திருப்பி அனுப்பிய ஒவ்வொரு கடையும் அந்த மீட்டரில் ஏறியிருந்தது.

தான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. போனை வாயருகே கொண்டுபோனார்.

"சார், அது டயர் கடை கடையா அலைஞ்ச..." என்று ஆரம்பித்தார்.

அதற்குள் அவள் போனை வாங்கி, ஸ்பீக்கரை அணைத்து, காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இல்லங்க. அம்மா வீட்டுப் பக்கமே போகலங்க. சத்தியமா."